பேட்டரிக்கு ஒதுக்கிய சுவர்

டைம்கீப்பர் வீட்டின் பின்பக்க நடையில் ஒரு சுவர் வெகுகாலமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தது. அந்தக் கட்டத்துக்குள் துடைப்பம் சாய்க்கக் கூடாது, குடை மாட்டக் கூடாது, ஈரத்துணி தொங்கவிடக் கூடாது. அங்கே பேட்டரி வரப்போகிறது. கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகள் பகலில் பிடிக்கிற கரண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தெருவே இருண்டு கிடக்கும்போது இந்த வீட்டை மட்டும் வெளிச்சத்தில் வைக்கப்போகிற பேட்டரி. எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

"நேரம் வரட்டும்" என்பார் டைம்கீப்பர்.

புது மாடல் ஒன்று கடைக்கு வந்திருப்பதாகக் காதில் விழுந்தால் போதும், அதன் நீள அகலத்தை விசாரித்துக்கொண்டு வந்து பழைய கட்டத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுக்கட்டம் போடுவார். முதலில் பீரோ அளவுக்கு இருந்த கட்டம் வருஷத்துக்கு வருஷம் இளைத்து ஒரு சூட்கேஸ் அளவுக்கு வந்துவிட்டது.

"பாத்தியா, பொறுத்ததுல எவ்வளவு இடம் மிச்சம்" என்று மனைவியிடம் காட்டினார்.

இடம் மிச்சமானது உண்மைதான். அந்த இடத்தை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் சங்கடம்.

அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து, விசில் ஊதி அனுப்ப வேண்டும். அந்த அறையிலிருந்து பார்த்தால் டிப்போ வாசல் தெரியும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்பது அவர் கட்சி. வண்டி வாசலைத் தாண்டிய நேரத்தை எழுதிவிட்டால் அவர் கடமை முடிந்தது. போய்ச் சேர்ந்ததா, வழியில் டயர் வெடித்ததா, டிரைவர் டீ குடிக்க இறங்கி அரைமணி நேரம் கதை பேசினாரா என்பதெல்லாம் வேறு யாருடைய தலைவலியோ.

நேரத்துக்கு முன்னால் ஒரு வண்டியையும் அவர் விட்டதில்லை. நேரம் ஆனபின் ஒருவருக்காகவும் நிறுத்தியதும் இல்லை. கையில் பையும் காலில் பாதி கழன்ற செருப்புமாக, "அண்ணே, ஒரு நிமிஷம்ணே" என்று ஓடி வருகிறவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே விசில் ஊதுவார். அதில் அவருக்கு வன்மம் ஒன்றும் கிடையாது. வன்மம் இருந்தால்கூட ஏதோ மனுஷக் குணம் என்று விட்டுவிடலாம்.

டிப்போவில் சம்பளத்துக்குச் செய்ததை வீட்டில் சும்மாவே செய்தார். குளிர்காலம் முடியும்போது விலை இறங்கும் என்று காத்திருந்து போர்வை வாங்குவார். அது அலமாரியில் பூச்சியோடு குடித்தனம் நடத்தி, அடுத்த குளிருக்குள் ஓட்டையாகிவிடும். ஃப்ரிட்ஜ் வாங்கியது நல்ல மழைக்காலத்தில். தண்ணீர் குழாயிலேயே பல் கூசும் அளவுக்குச் சில்லென்று வந்துகொண்டிருந்தது. குடை வாங்கியது கோடையில். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டுப் போனவர் மாதக்கணக்கில் பதில் சொல்லவில்லை. பெண்ணின் அப்பா வேறு இடம் பார்க்கக் கிளம்பி வண்டி ஏறும் சமயத்தில்தான் இவர் சம்மதம் என்று ஆள் அனுப்பினார்.

"எனக்கும் ஏதாவது தள்ளுபடி போடுவாங்கன்னு பாத்தீங்களா?" என்று அவர் மனைவி பிற்பாடு கேட்டாள்.

"அவசரப்படக் கூடாதுன்னு பார்த்தேன்" என்றார் அவர், சிரிக்காமல்.

இப்படியே இருந்திருந்தால் அவர் குடும்பத்துக்கு மட்டும் தொல்லையாக இருந்திருப்பார். தெருவுக்கே தொல்லையானது ஒரே ஒரு தடவை அவர் காத்திருந்து ஜெயித்ததால்தான். கூரைமேல் சோலார் தகடு போட அரசாங்கம் மானியம் கொடுத்த காலத்தில், எல்லாரும் முந்திக்கொண்டு போட்டார்கள். இவர் போடவில்லை. பிறகு என்ன காரணத்தாலோ மானியத்தை உயர்த்தினார்கள். அந்த வாரத்தில் போட்டார். அடுத்த மாதமே மானியத்தை வெட்டிவிட்டார்கள். தெருவில் மிகக் குறைந்த விலைக்குத் தகடு போட்டவர் டைம்கீப்பர்தான் என்று ஆகிவிட்டது. குருட்டாம்போக்கில் விழுந்த அந்தப் பழத்தைத் தானே மரம் நட்டுப் பறித்ததாக அவர் நம்பினார். தெருவும் நம்பியது. அன்றிலிருந்து வாஷிங் மெஷின் வாங்குகிறவர் முதல் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர் வரை வாசலில் வந்து நின்று, "அண்ணே, இப்ப வாங்கலாமா?" என்று கேட்பார்கள்.

"பொறுங்க" என்பார். அதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பொறுக்காத ஒரே ஆள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரம்மா. கடைவீதியில் மருந்துக்கடை நடத்துகிறவள். பேட்டரிக்கு மானியம் என்ற பேச்சே எழாத காலத்தில் முழுவிலை கொடுத்து ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டாள். கரண்ட் போனால் புழுக்கத்தில் தூக்கம் வரவில்லையாம், அவ்வளவுதான் காரணம். அவளை டைம்கீப்பர் "அவசரக்குடுக்கை" என்றே குறிப்பிடுவார். "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா பாதி விலைக்கு வாங்கியிருக்கலாம். அவசரக்குடுக்கை." இதை அவர் பெரும்பாலும் இருட்டில் உட்கார்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டே சொல்வார். சுவருக்கு அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

கரண்ட் பகலில் போனாலும் நிலைமை அதுதான். வெயில் கொளுத்தும். கூரைமேல் இத்தனை தகடுகள் பளபளவென்று கிடக்கும். கீழே ஒரு விளக்கு எரியாது.

"வெயில்தான் அடிக்குதே, இது ஏன் வேலை செய்யல?" என்று மனைவி முதல் தடவை கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார்.

"லைன்ல கரண்ட் போனா இதுவும் தானா நின்னுடும். இல்லாட்டி நம்ம கரண்ட் கம்பிக்குப் போயி, ரிப்பேர் பாக்கிறவனுக்கு ஷாக் அடிச்சிடும். தனியா ஓடணும்னா பேட்டரி வேணும்."

"அப்ப பேட்டரி வாங்குங்க."

"நேரம் வரட்டும்."

அவள் அதோடு விட்டிருப்பாள். விசிறி இல்லாமல் இருக்க அவளால் முடியும். ஆனால் அவள் பின்னறையில் ஒரு இன்குபேட்டர் வைத்திருந்தாள். முட்டைகளை வரிசையாக அடுக்கிச் சூட்டில் வைத்தால், கோழியில்லாமலே குஞ்சு பொரிக்கிற பெட்டி. முதலில் ஒரு சின்னப் பெட்டியில் ஆரம்பித்தவள், சீட்டுப்பணம் எடுத்து ஆளுயரத்துக்கு ஒன்று வாங்கினாள். அதை வண்டியிலிருந்து இறக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். கதவில் கண்ணாடிச் சன்னல். உள்ளே சூடு ஒரே அளவில் மூன்று வாரம் நிற்க வேண்டும். கரண்ட் போனால் சூடு இறங்கும். கொஞ்ச நேரம் என்றால் கம்பளியைச் சுற்றி, சுடுதண்ணீர் பாட்டில்களை உள்ளே வைத்துச் சமாளிப்பாள். நீண்ட நேரம் என்றால் சமாளிக்க முடியாது.

ஒரு தடவை அப்படித்தான் ஆயிற்று. ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய் ஒரு பகலும் ஒரு இரவும் கரண்ட் வரவில்லை. மருந்துக்கடைக்காரம்மாவும் அந்தச் சமயம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தாள். வைத்த முட்டை அத்தனையும் போயிற்று. தோட்டத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்தாள். புதைப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் உடைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்ததற்கு இறகுகூட முளைத்திருந்தது. மற்றவற்றை உடைக்கவில்லை.

டைம்கீப்பர் டிப்போவிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டே குழியைப் பார்த்தார்.

"ச்சூ" என்றார். "அடுத்த வருஷம் பேட்டரி விலை நல்லா இறங்கும். அப்புறம் இந்தத் தொல்லையே இருக்காது."

அவள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வருஷம் விலை இறங்கியது. இவர் வாங்கவில்லை, ஏனென்றால் இன்னும் இறங்கும். அதற்குள் அரசாங்கமே பேட்டரிக்கு மானியம் அறிவித்தது. பஸ் ஸ்டாண்டில் பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் அமைச்சர் ஒரு பேட்டரியின் தோளில் கை போட்டுத் தழுவிக்கொண்டு சிரித்தார். பேட்டரியைவிடச் சிரிப்பு பெரிதாக இருந்தது. கீழே பொடி எழுத்தில் விதிகள். முதல் அரையாண்டில் வாங்குகிறவர்களுக்கு நிறைய மானியம். அதன்பிறகு ஒவ்வொரு அரையாண்டும் ஒரு படி இறங்கும். சீக்கிரம் வா என்று மக்களைக் கையைப் பிடித்து இழுக்கிற ஏற்பாடு.

தெரு முழுக்க டைம்கீப்பர் வாசலில் கூடிவிட்டது.

"பொறுங்க" என்றார் அவர்.

அவருடைய கணக்கு இது: மானியம் படிப்படியாக இறங்கும், சரி. பேட்டரி விலையும்தான் இறங்குகிறது. விலை எதுவரை இறங்குமோ அதுவரை விட்டு, மானியம் ஒரு படி இறங்குவதற்கு முந்தின வாரத்தில், சரக்கைத் தள்ளிவிட வியாபாரிகள் தவிக்கும்போது போய் நின்றால், இரண்டு பக்கமும் லாபம். அரசாங்கத்தையும் வியாபாரியையும் ஒரே நாளில் ஏமாற்றிவிடலாம். கேட்டவர்கள் ஆஹா என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். டைம்கீப்பர் அந்தத் தலையாட்டல்களை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு, அன்று இரண்டு கவளம் சேர்த்துச் சாப்பிட்டார்.

முதல் அரையாண்டு அப்படிப் போயிற்று. விலை எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை என்பதால் அந்தப் படியை விட்டுவிட்டார். இரண்டாவது அரையாண்டில் அவர் மனைவியைத் தேடிக்கொண்டு ஒரு பண்ணைக்காரர் வந்தார். ஊருக்கு வெளியே பெரிய கோழிப்பண்ணை வைத்திருப்பவர். நாட்டுக்கோழிக் குஞ்சு ஒரே தடவையில் பெட்டி நிறைய வேண்டும் என்றார்.

"சரியா குடுத்தீங்கன்னா மாசாமாசம் உங்ககிட்டதான்" என்றார். "சொதப்பிட்டீங்கன்னா நான் பெரிய கம்பெனிக்காரங்ககிட்ட போயிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கணவரிடம் போய்க் கேட்டாள்.

"பேட்டரி எப்ப வரும், நிஜமா சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் வாக்கு குடுக்கணும்."

"இந்த அரையாண்டுக்குள்ள கண்டிப்பா."

"கண்டிப்பான்னா?"

"கண்டிப்பான்னா கண்டிப்பா. எழுதி வேணாலும் தர்றேன்."

அவள் எழுதி வாங்கவில்லை. பண்ணைக்காரரிடம் சரி என்று சொல்லி, நல்ல முட்டையாகப் பொறுக்கி எடுத்து, பெட்டி நிறைய அடுக்கி, கதவைச் சாத்தினாள். ஒரு வாரம் கழித்து அறையை இருட்டாக்கி ஒவ்வொரு முட்டைக்குப் பின்னாலும் டார்ச் வைத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஓடியிருந்தது. கொஞ்ச நேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போகும்போதுதான் கவனித்தாள். எதிர்வீட்டு நடையில் வெள்ளையாக ஒரு பேட்டரி. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. தெருமுனை வாத்தியார் வீட்டில் இரண்டு. வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"தெருவுல எல்லாரும் போட்டுட்டாங்க."

"யாரு?"

"உங்ககிட்ட தலையாட்டிட்டுப் போனாங்களே, அவங்கதான்."

டைம்கீப்பர் நம்பவில்லை. விலை விசாரிப்பதற்கு என்று சொல்லிக்கொண்டு மறுநாளே சோலார்காரரின் கடைக்குப் போனார். அவளும் கூடப் போனாள். அரையாண்டு முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. சோலார்காரர் காதில் பென்சில் செருகிக்கொண்டு, தூக்கமில்லாத கண்களோடு, ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அட்வான்ஸ் கட்டிடறேன்" என்றார் டைம்கீப்பர், பெரிய மனசு பண்ணுகிறவர் போல. "கட்டின தேதி இந்த அரையாண்டுக்குள்ள இருக்குல்ல. மாட்டறத அடுத்த மாசம் சாவகாசமா மாட்டுங்க."

சோலார்காரர் போனைக் கீழே வைத்தார்.

"சார், கட்டின தேதிக்குக் கணக்கு இல்ல. பேட்டரி மாட்டி, ஓட்டிக் காட்டி, மின்சார ஆபீஸ்லருந்து ஆய்வாளர் வந்து பாத்து கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்துத் தேதிதான் கணக்கு."

"அதெப்படி? கிளம்பின நேரம்தானே கணக்கு?"

"என்ன சார் கிளம்பின நேரம்?"

பலகையில் இருந்த பொடி எழுத்து விதியை டைம்கீப்பர் படிக்காமல் இல்லை, அத்தனையும் படித்திருந்தார். ஆனால் கண்ணாடி அறைக்குள் ஆயுசைக் கழித்தவருக்கு, வாசலைத் தாண்டிவிட்டால் வண்டி போனமாதிரிதான். போய்ச் சேரும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து நேரம் எழுதுவார் என்பது அவர் புத்தியில் ஏறவேயில்லை.

"உங்க தெருவுல எல்லாரும் போன மாசமே போட்டுட்டாங்களே சார்" என்றார் சோலார்காரர். "உங்ககிட்ட கேட்டுத்தான் போடறோம்னு சொன்னாங்க."

பின்னால் நின்ற அவர் மனைவி, சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று கடைச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு தானாக நின்றது. சோலார்காரர் பென்சிலால் ஒரு தேதியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு நாள் காலியா இருக்கு. ஒருத்தர் வேண்டாம்னுட்டார். கடைசி நாள். காலைல வந்து வீட்டு மெயினை அணைச்சா, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம். மூணு மணிக்கு மேல ஆய்வாளர் வருவாரு."

"போட்டுக்குங்க" என்றார் டைம்கீப்பர்.

"என்னங்க" என்றாள் அவள்.

"என்ன?"

"அன்னிக்குத்தான் பொரியும்."

அவர் ஒரு கணம் யோசித்தார். "ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா?"

"எதை? முட்டையையா?"

"இல்ல, கொஞ்சம் சூட்டைக் குறைச்சு வச்சா..."

"உங்க விசிலைக் கொண்டாங்க, ஊதிப் பாக்கிறேன்" என்றாள்.

சோலார்காரர் மறுபடியும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதில் யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். குஞ்சு ஓட்டைக் குத்தி வெளியே வரும் நாளில்தான் சூடு மிகவும் முக்கியம். அரை நாள் மெயினை அணைத்தால் பாதி வெளியே வந்தது பாதியிலேயே நின்றுவிடும். கம்பளியும் சுடுதண்ணீரும் அதற்குப் போதாது. பெட்டியையும் நகர்த்த முடியாது. வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் உள்ளே போகாமல் பக்கத்துச் சுவருக்குப் போனாள்.

மருந்துக்கடைக்காரம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நாள் மட்டும் பெட்டிக்குக் கரண்ட் தர முடியுமா என்று இவள் கேட்டாள்.

"ஒரு வயர்தானே அக்கா. தாராளமா போட்டுக்குங்க. என் பேட்டரி சும்மாதான் கிடக்கு." குழாயை மூடிவிட்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "ஆனா அண்ணன் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்."

அண்ணன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, தலைசீவிக்கொண்டு வந்தார். சுவர் அவருக்கு மோவாய் வரை இருந்தது. தலையை மட்டும் தட்டில் வைத்தாற்போல் தெரிந்தார்.

"என்னண்ணே?"

"ஒரு வயர் வேணும்."

"வயருக்கென்னண்ணே, கடையில கட்டுக்கட்டா தொங்குது."

"கரண்டு."

"என் வீட்டுக் கரண்டா? அது மானியம் இல்லாத பேட்டரியில வர்றதாச்சே. உங்க பெட்டிக்கு ஒத்துக்குமா?"

"ஒரு நாளைக்குத்தாம்மா."

"எனக்கென்ன, குடுக்கறேன். அவசரக்குடுக்கை வீட்டுக் கரண்டு, முட்டை எல்லாம் முன்கூட்டியே பொரிச்சிடப் போகுது. பாத்துக்குங்க."

அவர் உள்ளே போனபின் இரண்டு பெண்களும் வெகுநேரம் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

கடைசி நாள் வந்தது. வானம் மூட்டமாக இருந்தது. சுவர்மேல் தடித்த ஆரஞ்சு வயர் தொங்கி, பின்னறைச் சன்னல் வழியாக உள்ளே போயிற்று. காலையிலேயே சில முட்டைகளின் ஓட்டில் கீறல் விழுந்திருந்தது. அவள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

சோலார்காரரும் இன்னொரு ஆளும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடையில் இறக்கியதும் சோலார்காரர் சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"பேட்டரிக்கு" என்றார் டைம்கீப்பர். "இடம் தயாரா வச்சிருக்கேன்."

சோலார்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். "இந்தச் சுவத்துல சாயங்கால வெயில் நேரா அடிக்குமே சார். பேட்டரியை வெயில்ல வைக்கக் கூடாது. அந்த எதிர்ச்சுவர்தான் சரி."

"அதுல துடைப்பம் மாட்டியிருக்கு."

"எடுத்துடலாமே சார்."

துடைப்பத்தையும் குடையையும் எடுத்தார்கள். மெயினை அணைத்தார்கள். துளை போட்டார்கள். டைம்கீப்பர் தன் கட்டத்துக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டு, எதிர்ச்சுவரில் பேட்டரி ஏறுவதைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சோலார்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெயினைப் போடக் கை வைத்தார். போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது.

"அதனால என்ன?" என்றார் டைம்கீப்பர். "கரண்ட் போனா எரியத்தானே பேட்டரி?"

எரியத்தான் எரிந்தது. சோலார்காரர் ஒரு பொத்தானை அழுத்த, நடை விளக்கு பளிச்சென்று எரிந்தது. டைம்கீப்பர் முகமும் எரிந்தது. மூன்று மணிக்கு மேல் ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும், கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்து விளக்கைக் காட்டினார்.

"எரியுது சார்" என்று ஆய்வாளர் ஒத்துக்கொண்டார். "ஆனா லைனோட சேந்து ஓடுதான்னு பாக்கணும். லைன் போனா பிரியுதா, வந்தா சேருதான்னு பாத்துதான் கையெழுத்து. லைன் வரட்டும்."

"லைன் போனா பிரியுதுன்னுதான் தெரியுதே."

"வந்தா சேருதான்னு தெரியலையே."

கையெழுத்து ஆகும்வரை அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆய்வாளர் பேட்டரியையும் அணைக்கச் சொன்னார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். கரண்ட் போனால் உதவுவதற்காக வந்த பேட்டரி, கரண்ட் போய்விட்டதால் உதவாமல் தொங்கியது. டைம்கீப்பர் புகார் எண்ணுக்குப் போன் போட்டார். பதிவு செய்த குரல் ஒன்று, தங்கள் பொறுமைக்கு நன்றி என்றது. அந்த வார்த்தை அவருக்கு அதுவரை கசந்ததில்லை.

பின்னறையில் ஆரஞ்சு வயர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரம்மா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, தன் வீட்டு விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டாள். மூட்டத்தில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதாம். டைம்கீப்பர் மனைவி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு முட்டை தானாக அசைந்தது. சின்ன ஓட்டை. அதற்குள் ஒரு மூக்கு. உள்ளேயிருந்து மெல்லிய சத்தம். பிறகு அடுத்த முட்டை. கதவைத் திறக்கக் கூடாது என்பதால் கையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

நடையில் ஆய்வாளர் எழுந்து பையை மூடுகிற சத்தம் கேட்டது.

"நேரம் ஆச்சு சார். ஆபீஸ் மூடறதுக்குள்ள போகணும்."

"ஒரு அஞ்சு நிமிஷம் சார். கம்பத்துல ஆள் ஏறிட்டான், இங்கருந்தே தெரியுது பாருங்க."

"நாளைக்குக் காலைல வர்றேன்."

"நாளைக்கு வேற அரையாண்டு சார்!"

"ஆமா சார்" என்றார் ஆய்வாளர். அதில் வன்மம் ஒன்றும் இல்லை.

மோட்டார் சைக்கிள் கிளம்பியது. டைம்கீப்பர் பின்னாலேயே தெருவில் இறங்கினார். வாத்தியார் வீட்டு வாசல்வரை ஓடினார். "சார், ஒரு நிமிஷம் சார்." ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர் திரும்பிவந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்து தெருக்கம்பத்து விளக்கு எரிந்தது.

நடைக்கு வந்தபோது சோலார்காரர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கையெழுத்துன்னா ஒரு படி கம்மி மானியம்தான் சார். என்ன பண்ணலாம்?"

டைம்கீப்பர் பேட்டரியைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் பழைய கணக்கு மெதுவாக ஓட ஆரம்பித்தது.

"எப்படியும் மானியம் போச்சு" என்றார். "அப்ப கழட்டி எடுத்துட்டுப் போங்களேன். அடுத்த வருஷம் விலை இன்னும் நல்லா..."

பின்னறைக் கதவு திறந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க சொன்னீங்க?"

"இல்ல, ஒரு யோசனை..."

"உங்க யோசனைக்கு ஒரு தடவை குழி தோண்டியாச்சு" என்றாள். குரல் உயரவில்லை. "தம்பி, அந்த போல்ட்டை இன்னொரு திருகு இறுக்குங்க."

சோலார்காரர் இறுக்கினார். கேட்காமலே மற்ற மூன்றையும் இறுக்கினார்.

மறுநாள் ஆய்வாளர் வந்து லைனைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த நாள் பண்ணைக்காரர் வந்து, துளைபோட்ட அட்டைப் பெட்டிகளில் கீச்கீச்சென்று கத்தும் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு, அடுத்த மாதமும் இதேபோல் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏற்றுவதற்கு முன்பே மருந்துக்கடைக்காரம்மா வீட்டுப் பக்கம் நான்கு குஞ்சுகள் தனியாகப் போயின. டைம்கீப்பர் தெருவில் ஒரு வாரம் தலைகாட்டவில்லை. எட்டாம் நாள் எதிர்வீட்டுக்காரர் கார் வாங்கலாமா என்று கேட்க, அவர் மறுபடியும் பொறுங்க என்று ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு நேராகக் கார் கடைக்குப் போனார்.

முட்டை வைக்கும் ட்ரேக்களைக் கழுவிக் காயவைக்க அவளுக்கு இடம் வேண்டியிருந்தது. சாயங்கால வெயில் நேராக அடிக்கிற சுவர் ஒன்று சும்மா இருந்தது. ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய், சாக்பீஸ் கட்டத்தின் நட்டநடுவில் ஆணியை வைத்தாள்.

"அங்க அடிக்காத" என்றார் டைம்கீப்பர், டீயோடு வந்தவர். "ரெண்டாவது பேட்டரிக்கும் மானியம் விடப்போறதா ஒரு பேச்சு அடிபடுது."

"வெயில் அடிக்கிற சுவர்."

"வெயில்லயும் வைக்கிற மாதிரி ஒரு மாடல் வரும்னு சொல்றாங்க."

"நேரம் வந்தா எடுத்துடறேன்" என்றாள் அவள். ஆணி தலைவரை உள்ளே இறங்கும்வரை அடித்தாள்.